நீங்கள் பொதிந்து வைத்த பூ

கோபமா? இல்லை அப்பா. சிரிப்புதான் வருகிறது. உங்கள் முதல் திவசத்துக்கு அம்மா காலையில் தெச்சிப்பூ பறித்து வந்தாள். அந்தச் சிவப்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வருஷமாக அப்படித்தான். இன்று அம்மா கவனித்துவிட்டாள்.

கல்லூரிக்கு இனி போகமாட்டேன் என்று நான் நின்ற அன்று, பூக்கட்டிப் பார்க்கலாம் என்றீர்கள். சிவப்புத் தெச்சி வந்தால் படிக்க வேண்டும். வெள்ளை நந்தியார்வட்டம் வந்தால் விட்டுவிடலாம். நீங்களே வாழையிலையில் இரண்டு பொதி கட்டி அம்மன் முன்னால் வைத்தீர்கள். நான் எடுத்தது சிவப்பு. ஆனாலும் மறுநாளே பக்கத்து ஊரான கொல்லயிலில் வாழைக்குலை ஏற்றும் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் அம்மன் பெயரைச் சொல்லி ஒரு தடவைகூட அதட்டவில்லை. அது ஏனென்று அன்று புரியவில்லை.

அதிலிருந்து எட்டாம் மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். பாடையைத் தூக்குவதற்கு முன்பே மாமா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அம்மனுக்க வாக்கத் தட்டினான்லா, அதாக்கும்." நான்தான் உங்களைக் கொன்றேன் என்று நம்பினேன். பிறகு எந்தக் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றவில்லை.

ரயில் தாமதமோ, தலைவலியோ, எதற்கும் உங்களிடம் ஒரே பதில்: "எல்லாம் எழுதி வச்சதாக்கும்." ஒரு மழைநாளில் பாறசாலை ஸ்டேஷனுக்குக் கிளம்பிய உங்களை மடக்கினேன்.

"நனையணும்னு எழுதியிருந்தா குடை எதுக்கு?"

"நான் குடை எடுப்பேன்னும் எழுதியிருக்குலே."

வாதத்தில் உங்களை ஜெயித்ததே இல்லை.

இன்று அம்மா பூவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மக்கா, அன்னைக்கு உனக்க அப்பா வெள்ளப்பூ பறிக்கவே இல்ல. ரெண்டு பொதியிலயும் தெச்சிதான்."

"இத ஏன் அப்பவே சொல்லல்ல?"

"செத்துக் கெடக்குற மனுசன கள்ளன்னு சொல்லவா? நீ இத நெஞ்சுல வச்சிட்டு நடக்கியன்னு நான் கண்டேனா?"

முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு முழுசாக வந்தது. நான் மீறியது அம்மனை இல்லை, உங்களை. அப்பன் சொல்லை மீறாத மகன் நம் ஊரில் எவன்?

எல்லாம் எழுதி வைத்தது என்றவர், எதற்காக இரண்டையும் சிவப்பாக்கினீர்கள்? நான் வேறு வழியில் போய்விடுவேன் என்ற பயம்தானே? எழுதி வைத்ததை மீற என்னால் முடியும் என்று எனக்கு முன்பே நம்பியது நீங்கள். அது போதும், அதை வைத்துக்கொள்கிறேன்.

பலிச்சோற்றைக் காக்கா எடுத்தாயிற்று. வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது. போகணும், அப்பா.