பேசுகிறவன் நெஞ்சை அமுக்காதீர்கள்

அப்பா,

கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன். சோறு குக்கரில், சாவி செருப்பு அலமாரி மேல்.

இப்போது நேற்றைய விவகாரம். எனக்கு வந்தது படபடப்பு, மாரடைப்பு அல்ல. டாக்டர் சொன்னபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மூச்சை எண்ணி எண்ணி மெதுவாக விட்டு, அது தானாக இறங்கட்டும் என்று அமைதியாகக் காத்திருந்தேன். அமைதியாக! தொழிற்சாலையில் முதலுதவி சொல்லித் தருகிறவர் என்ற உரிமையில் நீங்கள் ஓடிவந்து, என்னை மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்கினீர்கள்.

"அப்பா, நான் பேசிட்டுதான இருக்கேன்!"

"பேசாத, மூச்ச மிச்சம் பிடி!"

பேசுகிற ஆளை அமுக்கலாம் என்று எந்தப் பயிற்சியில் சொன்னார்கள்? நீங்கள் பயிற்சியில் அமுக்கிக் காட்டும் ரப்பர் பொம்மைகூட இவ்வளவு வாங்கியிருக்காது. எதிர்வீட்டு அக்கா வேறு எட்டிப் பார்த்து, "தம்பி போயிட்டானா?" என்றார். "இன்னும் இல்லக்கா" என்று நானே பதில் சொல்லும்படி ஆயிற்று. சாயங்காலம் விசாரிக்க வருவார். நான் உயிரோடு இருக்கும் செய்தியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அதுதான் முதலுதவி.

பி.கு.: விலா வலிக்கிறது. தைலம் வாங்கி வையுங்கள். தேய்த்துவிட வராதீர்கள்.

இன்னொன்று, இடம் இல்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன்: அமுக்கும்போது உங்கள் கை என்னைவிட அதிகமாக நடுங்கியது. அடுத்த முறை நீங்களும் என்னோடு தரையில் உட்கார்ந்து மூச்சு விடுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே எண்ணுகிறேன்.