திரும்பி வர எத்தனை பேட்டரி

ஜனவரி 6
அண்ணன் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார். அண்ணியோடு மகள் வீட்டுக்குப் போய்ப் பேத்தியைப் பார்க்கப் போகிறார். மூச்சுக்கு ஆக்ஸிஜன் மெஷின் கூடவே இருக்க வேண்டும். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு பேட்டரி கையில் வேண்டும் என்பது விமானக் கம்பெனி விதி. படிவத்தை நான்தான் நிரப்பினேன். இருபது வருடமாக டிக்கெட் போடுகிறவள் நான் இருக்கும்போது வேறு யார்? பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். ஒரு பேட்டரி இரண்டு மணி தாங்கும். ஆக, பதினொன்று.

“கணக்குப்பிள்ளை கணக்கு தப்பாது,” என்றார் அண்ணன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பட்டம்.

ஜனவரி 15
போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று பேட்டரி மிச்சம்.

ஜனவரி 29
ஆபீசில் ஒருவர் பயண நேரம் கேட்டார். “வர்றப்போ எதிர்காத்து சார், ரெண்டரை மணி கூட ஆகும்,” என்றேன், வழக்கம்போல. சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். அண்ணனுக்கு என்ன எழுதினேன்? நகலை எடுத்துப் பார்த்தேன். திரும்பும் பயணம் என்ற இடத்தில், மேலே உள்ளதே கீழேயும் என்று இரண்டு சின்னக் கோடு.

நானா போட்டேன்? நானேதான். பதினாறரை மணிக்குப் பதின்மூன்று பேட்டரி வேண்டும்.

ஜனவரி 30
போன் செய்தேன். “இன்னும் ரெண்டு பேட்டரி வாங்கிக்கங்கண்ணே.”

“எதுக்குடி? போறப்பவே மூணு மிச்சம். நீ போட்ட கணக்குதானே?”

தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன். இவ்வளவு வீம்பா எனக்கு? இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே, சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 3
சொல்லவில்லை. பதினொரு பேட்டரி இருபத்திரண்டு மணி தாங்கும்; பயணம் பதினாறரை. கூட்டிக் கழித்தால் ஐந்தரை மணி உபரி. போதும். போதும்தான்.

பிப்ரவரி 11
மதியத்திலிருந்து கம்ப்யூட்டரில் விமானத்தையே பார்க்கிறேன். அங்கே பனிமூட்டம். கதவைச் சாத்திவிட்டு ஓடுதளத்திலேயே நிற்கிறது. ஒரு மணி நேரம். இரண்டு. “உள்ளதான் உக்காந்திருக்கோம்” என்று அண்ணியிடமிருந்து மெசேஜ். அண்ணே, மெஷினைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்களேன் — என்ன உளறுகிறேன் நான்?

நாலரை மணி கழித்துக் கிளம்பியது. உபரியில் மிச்சம் ஒரு மணி.

பிப்ரவரி 12
இறங்க இடம் கிடைக்காமல் ஊருக்கு மேலே முக்கால் மணி நேரம் சுற்றியது. திரையில் வட்டம், மேலும் வட்டம். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விமானம் ஏறும் முன் வரிசையில் நின்றபோது ஓடிய நேரத்தைச் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரி 24
அண்ணன் இறந்துபோய்ப் பன்னிரண்டு நாள். அண்ணி இன்றைக்குத்தான் பையைப் பிரித்தார். பதினொரு பேட்டரியையும் மேசையில் வைத்தார். எல்லாம் காலி. விமானத்தில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரும் போதவில்லையாம்.

“கடைசியை மாட்டினப்போ எனக்குப் பயமாயிடுச்சு. உங்கண்ணன்தான், கணக்குப்பிள்ளை கணக்கு தப்பாது, நீ தூங்குன்னார்.”

அண்ணி என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். பதினொன்றையும் திரும்பப் பைக்குள் அடுக்கிக் கொடுத்தேன். படிவத்தின் நகல் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.