ஐந்தாம் கல்லில் ஒரு குறுக்குவழி

மார்ச் 3, செவ்வாய்

நானூறு பேர் மாண்ட இடத்தில் இன்று காலை நானூற்றொன்றாவது ஆளாகச் சேர இருந்தேன். மயிரிழையில் தப்பினேன்.

எந்தக் காலத்துச் சண்டையோ, இப்போது அந்த இடம் பூங்கா. மண்மேடுகளையும் துருப்பிடித்த ஒரு பீரங்கியையும் சுற்றி வளையமாகத் தார்ப்பாதை. மூன்று கிலோமீட்டர். எந்தப் படை எங்கே விழுந்தது என்று சொல்ல வழிநெடுகப் பதினான்கு கற்கள். வாசலில் கிளம்பி வாசலுக்கே வந்து சேர வேண்டும். அதற்குப் பேசாமல் வாசலிலேயே நின்றுவிடலாமே! முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ஊர் ஜனம் ஒரு படி ஏறாமல் காப்பாற்றியவன் நான். எனக்கா இந்தத் தண்டனை?

என் கிட்னி தங்கைக்குப் பொருந்துகிறது. அதுதான் காரணம். "கிட்னி பிரமாதம். அதைச் சுத்தி இருக்கற ஆளுதான் சரியில்ல" என்றார் டாக்டர். தொண்ணூற்றொரு கிலோ இருக்கிறேன். எண்பத்து மூன்றுக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவாராம். மே 12 என்று நாள் குறித்திருக்கிறார். தினம் இரண்டு சுற்று.

மார்ச் 4

ஒரு சுற்று. இல்லை, அரைச் சுற்று. சரி, மூன்றாம் கல் வரை.

மார்ச் 7, சனி

தங்கை மகள் ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டிவிட்டாள். நாளுக்கு ஒரு கட்டம். மருமகள் அல்ல, சிறை அதிகாரி.

"எத்தனை சுத்து மாமா?"

"ரெண்டு. கடைசியில ஒரு குதிரை கூடவே ஓடி வந்துச்சு. முடியல, நுரை தள்ளி உட்கார்ந்துடுச்சு, பாவம்."

"குதிரை கெடக்கட்டும். ரெண்டு, சரியா?"

எழுதிக்கொண்டாள். உண்மையில் ஒன்றேகால்.

மார்ச் 19, வியாழன்

ஐந்தாம் கல்லுக்குப் பின்னால் மண்மேட்டில் ஓர் ஒற்றையடித் தடம் கண்டேன். ஏறி இறங்கினால் நேரே பன்னிரண்டாம் கல்! நடுவில் ஆறு கல்லும் மிச்சம். அன்று சண்டை போட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பார்கள். பன்னிரண்டாம் கல்லருகே வண்டியில் சூடாக வெண்ணெய் பன் விற்கிறார் ஒருவர். போர்க்களத்தில் வீரனுக்கு உணவு முக்கியம்.

தாளில் இரண்டு சுற்று.

ஏப்ரல் 11, சனி

தங்கையின் இடது கையில் இரத்தம் சுத்தம் செய்ய வைத்திருந்த வழி அடைத்துப் போயிற்று. இனி வலது கை. அதுவும் அடைத்தால்? வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் அந்த மெஷினோடு கிடக்கிறாள். திரும்பி வரும்போது முகம் கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி இருக்கிறது.

முழுச் சுற்று நடப்பது என்று சபதம் செய்துதான் போனேன். ஐந்தாம் கல்லில் முழங்கால் கெஞ்சியது. மேடேறிவிட்டேன். சீ.

பன்னும் தின்றேன். ஏன் தின்றேன்?

ஏப்ரல் 12

தாளுக்கு மூன்று சுற்று என்று சொன்னேன். குற்றவுணர்ச்சிக்கு ஒன்று கூட.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி எடை மெஷினில் தொண்ணூற்றொன்று அறுநூறு. மெஷின் பழுது என்றேன். வேறு மெஷினுக்குக் கூட்டிப்போனார்கள். அதுவும் அதே கட்சி.

மருமகள் அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தாள்! டாக்டர் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். என் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். "இவ்வளவு நடந்தும் எடை இறங்கலைன்னா, உடம்புல நீர் கோத்திருக்கலாம். இதயத்தைப் பார்க்காம நான் தொடமாட்டேன்" என்றார். இதய டாக்டரிடம் மூன்று வாரம் வரிசை. மே 12 ரத்து.

ஐம்பத்தெட்டு வருடமாக நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். மாடியிலிருந்து அறுந்து விழுந்த லிஃப்டை ஒரு கையால் பிடித்த கதையைச் சின்னக் குழந்தைகூட நம்பியதில்லை. இப்போது போய் நம்பியிருக்கிறார்கள்! எழுத்துக்கு எழுத்து!

காரில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் குடுக்கறேன்னு உனக்கு ஏதாவது ஆயிடப்போகுதுண்ணே. வேணாம், விட்டுரு" என்றாள்.

சீட் பெல்ட்டை அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.

ஏப்ரல் 29

சொல்லவில்லை. சொல்லப் போனேன், தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 30, வியாழன்

சொல்லிவிட்டேன். மண்மேடு, பன், ஒன்றேகால், எல்லாம். அலங்காரம் எதுவும் சேர்க்காமல் நான் பேசியது இதுதான் முதல் தடவை. ரொம்பக் கஷ்டமான காரியம்.

மருமகள் தாளைக் கிழித்தாள். "அம்மா கையைப் பார்த்தீங்கல்ல மாமா? பார்த்துட்டுமா?" கிழிசலைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் தேவலை.

தங்கை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "பன்னுல வெண்ணெய் நெறையப் போடுவானா?" என்றாள்.

"ம்."

"ம்ங்கறியே, வெக்கமா இல்ல?"

டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன். இதயத்தை எப்படியும் பார்த்துவிடலாம், எடை இறங்கியதும் புது நாள் என்றார். தயவு செய்து உண்மையிலேயே நடக்கும்படி கேட்டுக்கொண்டார்.

மே 2, சனி

ஐந்தாம் கல்லில் மேட்டுப் பக்கம் திரும்பினால் தடத்தின் குறுக்கே மடக்கு நாற்காலி. அதில் தங்கை, மேலே போர்வை. கொஞ்சம் தள்ளி மருமகள், என்னைப் பார்க்காமல்.

"நேத்து மெஷின்ல கெடந்துட்டு இங்க எதுக்கு வந்தே?"

"காவல். என்னத் தாண்டிக்கிட்டுப் போறதுன்னா போ."

"நான் திரும்பினது பழக்கதோஷம்—"

"நட."

நடந்தேன். ஆறாம் கல்லைப் பார்த்து ஆறு வாரத்துக்கு மேலாயிற்று. ஏழு, எட்டு, ஒன்பது. ஏற்றம். இந்த ஏற்றத்தைப் போட்டவன் பரம்பரைக்கே மூட்டு தேய! பத்தாம் கல்லில் அழுகை வந்தது. மூச்சுத் திணறலால். அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

மே 9

ஒரு சுற்று, முழுசாக. எடை தொண்ணூறு எண்ணூறு. ஒரு வாரத்துக்கு இவ்வளவுதானா? முடி வெட்டினாலே இதைவிட அதிகம் போகுமே!

மே 20

இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறதாம். தங்கை அதற்கும் "கல்லுதான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள்.

மே 31

மழை. நடந்தேன். கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோயின, புதிதாகச் சில உண்டாக்கினேன்.

ஜூன் 16

இரண்டு சுற்று. எண்பத்தாறு நானூறு. வலது கையில் வீக்கம் என்கிறாள் தங்கை. மூன்றாவது சுற்றும் போனேன். மருமகள் கூடவே வந்தாள், பேசாமல். வாசலில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்க மாமா" என்றாள். இரண்டே வார்த்தை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

ஜூலை 14, செவ்வாய்

எண்பத்திரண்டு தொள்ளாயிரம். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 30, வியாழன்

மூன்று நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. இடுப்புப் பக்கம் நீளமாகத் தையல்.

அடுத்த அறையில் தங்கை நர்ஸோடு சண்டை போடுவது இங்கே நன்றாகக் கேட்கிறது. நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தே தீர வேண்டுமாம். மூன்று வருடமாக நாலு டம்ளர் என்று அளந்து குடித்து, தாகத்துக்குப் பனிக்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தவள்.

"இன்னும் ரெண்டு பாட்டிலா? இது வயிறா, தண்ணித் தொட்டியா? அரை மணிக்கொரு தடவை பாத்ரூம்! எல்லாம் எங்கண்ணனோடது, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது!"

சிரித்தால் தையல் இழுக்கிறது. யாராவது போய் அவளை நிறுத்தச் சொன்னால் தேவலை.