தாழ்ப்பாள் இல்லாத கதவு

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதச் சொல்வது, நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஆஸ்பத்திரி வேலையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கம்போல் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சிதான் எழுதுகிறாள். போன மூன்று கடிதத்திலும் தங்கச்சி நல்லா இருக்கா என்று எழுதச் சொன்னேன், எழுதினாள். இன்று அந்த வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள். என்னடி என்றேன். பொய்ம்மா என்றாள். சரி, உள்ளதையே எழுது என்றேன்.

ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்ததே, அப்போது ஒருநாள் டீச்சர் முகத்தைக் காட்டச் சொல்ல இவளும் காட்டியிருக்கிறாள். பின்னால் நான் முகக்கவசம் தைக்கிற மிஷின் சத்தம், அப்பா பனியனோடு துணி காயப்போடுகிறார். யாரோ சிரித்தார்களாம். அன்று போனை மூடியவள், பள்ளி திறந்தும் போகவில்லை. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன், பாவி. போன் அடித்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஒருநாள் இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியபின் திறந்து, இருக்கவே பிடிக்கலைம்மா என்றாள். அன்றே தாழ்ப்பாளைக் கழற்றி மிஷின் டிராயரில் போட்டேன். இப்போது உள்ளே போகிறவர் பாட வேண்டும். அப்பா பாட்டைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு வயிற்றுவலி என்று விசாரித்தார். இவளுக்குப் பாட வெட்கம், வாளியைத் தட்டுவாள். அந்தச் சத்தம் நின்றால் என் மிஷினும் நின்றுவிடும். வாராவாரம் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஓடச் சொல்வீங்களா என்று முதலில் என்னைத்தான் திட்டினார். மாத்திரை தருகிறார், பேசுகிறார். இரண்டு வாரமாகச் சோறு கொஞ்சம் இறங்குகிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உன்னிடம் மறைத்தது என் தப்பு, கோபித்துக்கொள்ளாதே. போனில் அவளைத் துருவாதே, அவள் பேருக்கே ஒரு கடிதம் போடு. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இரு, மறக்காமல் பதில் எழுது.

உன் அம்மா

அக்கா, இது அம்மா சொல்லாதது. கடிதத்தை மடிக்கும்போது அம்மா டிராயரைத் திறந்து, இப்பத்தான் மனசு விட்டுப் பேசுறியே, தாழ்ப்பாளை மாட்டிடட்டுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா, எனக்கே பயமா இருக்கு என்றேன். அம்மா டிராயரை மூடினாள்.