தேயாத சோப்பு

இராஜபாளையம்
ஜூன் 6

அன்பு மகள் வின்சிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பாவும் நானும் நலம், அங்கே உன் சுகத்தையும் மாப்பிள்ளை சுகத்தையும் அறிய ஆசை. 'நலம்' என்று எழுதிவிட்டு ஒரு தடவை அடித்தேன், பிறகு காகிதத்தை வீணாக்குவானேன் என்று மறுபடி அதையே எழுதியிருக்கிறேன், அதில் எவ்வளவு உண்மை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் முன்னாலேயே உனக்குத் தெரியும். மூன்று வாரமாக உன் ஃபோனை நான் எடுக்கவில்லை. பிபி ஏறிப் படுத்துவிட்டேன் என்று பயப்படாதே, கோபத்தில்தான் எடுக்கவில்லை. ஃபோனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், மாப்பிள்ளையிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்காமல் நீயே முழுவதையும் படி.

இந்த வருஷ வெயிலைப் பற்றி என்ன சொல்ல, செண்பகத்தோப்பு ஓடையில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லையாம், மலைப் பக்கமிருந்து சாயங்காலம் வருகிற காற்றும் அடுப்பிலிருந்து வருவது மாதிரிதான் வந்தது. இந்த வெயிலில்தான் நீ எனக்கு வேலை கொடுத்தாய். மார்ச் கடைசியில் உன் பார்சல் வந்தது, பின்னல் ஊசி நாலு ஜோடி, கம்பளி நூல் ஒன்பது உருண்டை. உன்னோடு கனடாவில் வேலை பார்க்கும் அனுக்ரஹா என்ற பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், தாய் இல்லாத பெண், ஜூனில் பிரசவம், நீங்கள் ஒரு சின்னப் போர்வை பின்னிக் கொடுங்கள் அம்மா என்றாய். மில்லில் முப்பத்தோரு வருஷம் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் நின்ற எனக்கு நூலைத் தொட்டாலே அது எத்தனை சன்னம், என்ன நம்பர் என்று தெரியும், ஆனால் பின்னல் ஊசியை நான் பிடித்ததே இல்லை. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பின்னியதைப் பிரித்துப் பிரித்து, பன்னிரண்டு நாளில் கை பழகியது. பழகியதும் நீ, அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாதாம், கையால் நூற்ற பருத்தி நூலில் இருந்தால் நல்லது என்றாய். கதர்க் கடையில் பெட்டி ராட்டை வாங்கி வந்தேன். அதுவும் ஓட ஆரம்பித்ததும், கடைச் சோப்பு பிள்ளைக்கு ஆகாது, தேங்காயெண்ணெயில் சோப்பு செய்து தாருங்கள் என்றாய். ஒன்றில் கை ஓய்கிற நேரம் பார்த்து இன்னொன்றைக் கட்டிவிட்டாய், அப்போது எனக்கு அது தெரியவில்லை, நம் பிள்ளை நம்மை இவ்வளவு மதித்துக் கேட்கிறதே என்று பூரித்துப்போனேன்.

மூன்றையும் சேர்த்து இழுத்தது சாதாரணப் பாடு இல்லை. பத்து மணிக்கு மேல் காற்று காய்ந்து நூல் பட்பட்டென்று அறுகிறது. மில்லில் ஈரக்காற்றுக்கு மிஷின் ஓடும், வீட்டில் நனைத்த சாக்கை ஜன்னலில் கட்டிவிட்டு விடியுமுன் உட்கார வேண்டும். காஸ்டிக் சோடா கலக்கவும் அதே குளிர்ந்த நேரம்தான் வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கலவை சூடாகிப் பொங்கிவிடும். அதனால் ஒரு நாள் ராட்டை, ஒரு நாள் சோப்பு என்று முறை வைத்தேன். சாயங்காலம் பின்னல், அதற்குக் கையில் வேர்க்குரு பவுடர் போட்டுக்கொண்டால்தான் வேர்வையில் நூல் ஊசியோடு ஒட்டாது. பக்கத்து வீட்டுக் கல்பனா வந்து பார்த்துவிட்டு, 'அம்மா தல்லி, மில்லுல நூத்தது பத்தலையா அக்கா, வீட்டுலயும் ஷிஃப்டா' என்று தெலுங்கு கலந்து சொல்லிச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே நூலை உருண்டை சுற்றித் தருவாள். அவளுக்கும் எல்லாம் தெரியுமாம், என்னைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லி நீ அவளிடம் பேசியிருக்கிறாய். என் எதிரே உட்கார்ந்து உருண்டை உருண்டையாகச் சுற்றினாளே, ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்ததா.

இனி உன் அப்பா கதைக்கு வருகிறேன். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் கோடை வகுப்புக்குக் கணக்கு எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் காலை ஆறு மணிக்குக் கிளம்புவார், மத்தியானம் இரண்டு மணிக்குச் சோர்ந்து வருவார். ரிட்டயரான மனுஷன் இந்த வெயிலில் ஏன் இப்படி அலைய வேண்டும் என்று நன்னாரி சர்பத்தும் மோரும் கரைத்து வைத்துக் காத்திருப்பேன். வாரத்துக்கு இரண்டு தடவை பால்கோவா வாங்கி வருவார், பஸ் ஜன்னலில் விற்பார்களே அந்தப் பொட்டலம். ஊருக்குள் போய் நாலு மணி நேரம் இருப்பவர் கடையில் வாங்காமல் ஏன் ஜன்னலில் வாங்குகிறார் என்று என் மண்டையில் உறைக்கவில்லை. கோடை வந்தால் வீட்டில் வெறும் உடம்போடு திரிகிறவர் இந்த வருஷம் பனியனைக் கழற்றவே இல்லை, முதுகு தேய்த்துவிடு என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, வகுப்பெடுத்துப் பழகிவிட்டது, உடம்பில் துணி இல்லாமல் கூச்சமாக இருக்கிறது என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போச்சு, சொல்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது சோப்புதான். கட்டி போடும்போது மேலே என் பின்னல் துண்டு ஒன்றை வைத்து அழுத்துவேன், சோப்பில் பூவேலை மாதிரி பதியும், இரண்டு குளியலில் அது அழிந்துவிடும். ஆறு வாரம் காய வைக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது, அந்த வாரமே குளியலறையில் அவருக்கென்று தனியாக ஒரு கட்டி வைத்தேன். பத்து நாள் கழித்தும் பூவேலை அப்படியே இருந்தது, சோப்புப் பெட்டியில் ஈரமே இல்லை. காரம் தூக்கலாகி உடம்பு எரிகிறது, சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று மனுஷன் மறைக்கிறார் என்று நினைத்தேன். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், சுள்ளென்று இழுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் அடுத்த தடவை எண்ணெயைக் கூட்டினேன், அதையும் தொடவில்லை. மூன்றாவது தடவை ஆட்டுப்பால் ஊற்றினேன், அது சூட்டில் பொங்கி அடுப்படி மேடையெல்லாம் வழிந்தது, அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன், முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் இவருக்கு ஒரு சோப்பு என் கையால் சரியாக வரவில்லையே என்று. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்ல வாசனை என்பார். உன் அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரிந்தது, சோப்பை நனைத்து வைக்கத் தெரியவில்லை.

மே பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. சாப்பிட்டுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டார், பனியன் வேர்வையில் ஊறிக் கிடந்தது. பவுடராவது போட்டுவிடலாம் என்று பனியனை மெல்லத் தூக்கினேன். வலது அக்குளுக்குக் கீழே நீல மையில் கோடு கோடாக இழுத்திருந்தது, நடுவில் ஒரு கூட்டல் குறி, சுற்றிலும் தோல் கறுத்திருந்தது, தையல் போட்ட தழும்பும் தெரிந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, வகுப்பில் போர்டு மார்க்கர் கசிந்து உடம்பெல்லாம் ஆகியிருக்கிறது, அதுதான் தோல் வெந்துபோயிருக்கிறது என்று. ஈரத்துணியில் என் சோப்பைத் தேய்த்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கோடு பாதி அழிந்தபோது அவர் விழித்துக்கொண்டு என் கையைப் பிடித்து, 'ஏட்டி சோப்பு போடாத, அழிஞ்சிரும், கரண்டு வைக்கதுக்குப் போட்ட கோடு' என்று கத்தினார். கத்திய பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. துணியிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஒன்றொன்றாக வந்தது. மார்ச்சில் சித்தி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள் அம்மா என்று நீ என்னை நாகர்கோவிலுக்கு அனுப்பியது அவர் விலாவில் இருந்த கட்டியை எடுக்கத்தானாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியது நிஜம், அங்கே இறங்கியதுதான் பொய், நேரே மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதுதான் கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார், பத்தொன்பது தடவை. அந்த இடத்தில் சோப்பு படக்கூடாது என்று சொன்னதற்கு இந்தக் கணக்கு வாத்தியார் சோப்பையே விட்டிருக்கிறார். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று என் கைக்கு வேலை கொடுத்தது உன் யோசனையாம். சரி, அந்தப் பிள்ளையாவது நிஜமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். வின்சிதான் அப்படிச் சொல்லலாம்னு சொன்னா என்றார்.

வின்சி, மற்றதையெல்லாம் விடு. அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபம் செய்தேன். ஏப்ரலிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று, கனடாவில் தாயில்லாத பெண் அனுக்ரஹா, அவளுடைய சுகப் பிரசவத்துக்காக என்று விண்ணப்பம் வைத்தேன். முப்பது பெண்கள் முழங்காலில் நின்று, பிறக்கவே போகாத பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டார்கள். வீட்டில் ஒவ்வொரு ஜெபத்திலும் அவள் பெயரைச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்து உன் அப்பா ஆமென் சொன்னார். அவருக்காக ஒரு வரி நான் கேட்கவில்லை, கேட்க விடவில்லை நீங்கள். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு கர்த்தரிடம் போய் நின்றிருப்பேன். இல்லாத பெண்ணுக்குத் தாயும் இல்லை என்று சேர்த்துச் சொன்னாயே, என் மனசு எங்கே இளகும் என்று தெரிந்து அங்கேயே பார்த்து அடித்தாய். பெற்ற பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

அம்மா தாங்க மாட்டாள் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தீர்களாம். உன் பெரிய மாமா இதே வியாதியில் போனபோது கல்லறைத் தோட்டத்தில் நான் மயங்கி விழுந்தேன், வாஸ்தவம். எழுந்து வந்து அன்றைக்குச் சாயங்காலமே நாற்பது பேருக்குச் சோறு வடித்ததும் நான்தான், அது உங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. மில்லில் ஒரு பெண்ணின் சடை மிஷினில் சிக்கியபோது மேஸ்திரி அலறிக்கொண்டு ஓடினார், மிஷினை நிறுத்திச் சடையை வெட்டி அவளை வெளியே எடுத்தது யார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்.

மீதி பதினொரு தடவைக்கும் நான் கூடப் போனேன். முதல் நாள், கோட்டை அழித்தது நான்தான் என்று சொன்னேன், அந்த நர்ஸ் பெண் சிரித்துவிட்டு, 'ஒங்க சோப்பு நல்லா நுரைக்கும் போலயேம்மா' என்று சொல்லிப் புதிதாகக் கோடு போட ஏற்பாடு செய்தது. திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவாக்காரர் ஜன்னலுக்கே வந்து, 'சார் இன்னைக்கு எம்புட்டு' என்று கேட்கிறார், உன் அப்பா என்னைப் பார்க்காமல் மேலே லக்கேஜ் கம்பியைப் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஏசி குளிர் எலும்பில் ஏறுகிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அவருக்கு நடுக்கம். அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை அளவுக்குப் பின்னியது, முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதனால் அங்கேயே உட்கார்ந்து நீளம் கூட்ட ஆரம்பித்தேன்.

கடைசி நாள், திங்கட்கிழமை, அவர் உள்ளே சட்டை மாற்றும்போது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். இது மறுபடி வரக்கூடிய வகை, ஆகஸ்டில் ஸ்கேன் எடுத்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். சாரிடம் இப்போதே சொல்ல வேண்டுமா என்று அவரே கேட்டார். பஸ் திருமங்கலம் தாண்டுமுன் நான் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன். கல்லுப்பட்டி வந்ததும், மோர் கொண்டு வந்தியா என்று கேட்டார், கொடுத்தேன், குடித்தார். அவ்வளவுதான் வின்சி, மனுஷன் உடைந்துபோய்விடவில்லை. இதோ உனக்கும் எழுதிவிட்டேன், நீயும் உடைந்துபோக மாட்டாய்.

நேற்று ஐக்கிய சங்கத்தில் அனுக்ரஹாவுக்குப் பிரசவம் ஆயிற்றா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆயிற்று, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லியிருந்தால் உன் மானம் தப்பியிருக்கும். எழுந்து நின்று, அப்படி ஒரு பெண் இல்லை, வியாதி என் வீட்டுக்காரருக்கு, எனக்கு அது தெரியாமல் இருந்தது என்றேன். தலைவி அழகுத்தாய் அக்காதான், 'செஞ்ச ஜெபம் எங்கயும் போவாது, பேர மாத்திச் சொல்லுவோம், முழங்கால் போடுங்க' என்றார்கள். மற்றவர்கள் போட்டார்கள். எனக்குத்தான் முழங்கால் போடச் செத்த நேரம் ஆயிற்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாய். இன்னும் மன்னிக்கவில்லை, அதனால் எழுதவில்லை. இந்த வீட்டில் இனி யாரும் யாருடைய நன்மைக்காகவும் பொய் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய், எடுப்பேன், அழாமல் பேசு. அப்பாவிடம் தனியாகப் பேச ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. குளிர் வந்தால் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உனக்கு உடம்பில் சின்னக் கட்டி, சின்னக் காய்ச்சல் என்றாலும் முதலில் எனக்குத்தான் தெரிய வேண்டும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. போர்வை உனக்கு வராது, அது அப்பா பாதம் வரை வர இன்னும் இரண்டு சாண் இருக்கிறது. இந்தப் பார்சலில் ஆறு கட்டி சோப்பு வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம், யாரும் கேட்காமல் நானாகவே செய்தது. ஜூலை பத்துக்கு முன்னால் எடுத்து உடம்பில் போட்டுவிடாதே, காரம் இன்னும் அடங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏசம்மாள் எபனேசர்