பங்குனி உத்திரம் வரை மௌனம்

மாசி 3, ஞாயிறு

காலையில் கடும் பனி. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. என் தப்புதான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மலையிறங்கி ஒடுகத்தூர் போகும் ஜீப்காரரிடம் சொல்ல வேண்டியவை: துவரம்பருப்பு, தீப்பெட்டி, முழங்கால் தைலம், அவருக்கு ஊதுபத்தி (வாசனை இல்லாதது, அப்படி ஒன்று இருந்தால்), எனக்குப் பேனா. பேச ஆள் இல்லாதவளுக்குப் பேனா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

வேலூரிலிருந்து இந்த மலையூருக்கு வந்து சாமான்களை இறக்கி வைத்த மறுநாள், என் வீட்டுக்காரர் காபி குடித்துவிட்டு அறிவித்தார். பங்குனி உத்திரம் வரை மௌனம். எழுதிக் காட்டவும் மாட்டாராம், அது அரைகுறை மௌனமாம். ஏதாவது வேண்டுமென்றால் ஒரு தரம் கை தட்டுவார். தண்ணீருக்கும் ஒரு தட்டல், சாப்பாட்டுக்கும் ஒரு தட்டல். எது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேச வைத்தவள் நான். ரிடையர் ஆனபின் கைதட்டலுக்கு எழுந்து ஓடுகிறேன்.

நீ வர வேண்டாம், வேலூரில் சாத்துவாச்சாரி வீட்டிலேயே இரு என்றுதான் சொன்னார். ரசம் வைக்கத் தெரியாத மனுஷர் மலையில் என்ன சாப்பிடுவார்? அதனால் வந்தேன். அதனால் மட்டும்தானா, தெரியவில்லை.

மாசி 4, திங்கள்

நல்ல வெயில். வாசலுக்கு வாசல் புளி காய்கிறது. தெருவில் கால் வைக்க இடமில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு சாமைச் சோறும் கீரையும் கொண்டுவந்தாள். ஒரே ஒரு கிண்ணம். அவருக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கலாமென்று தட்டை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"இது உங்களுக்கு மட்டுந்தாங்க்கா. அவருக்கு வேணும்னா வாயத் தொறந்து கேக்கட்டும்."

அப்போதுதான் புரிந்தது. எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி பேச்சை விட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் பெண்டாட்டிக்கு மட்டும் சோறு கொடுப்பார்களாம். புருஷன் பசித்தால் பேசிவிடுவான் என்ற கணக்கு.

சண்டை எல்லாம் இல்லை, ஞானத்துக்காக விரதம் என்று விளக்கினேன். ஞானம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவரோடு எத்தனை சொற்பொழிவு, அதுவும் முன்வரிசையில். நான் என்கிற நினைப்பு போய்விடும், அப்புறம் துக்கமே கிடையாது என்றேன். சி.பொ. தலையை ஆட்டினாள். வீட்டுச் சண்டையை மூடி மறைக்கிறாள் பாவம் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கீரை ரொம்ப நன்றாக இருந்தது. முழுவதும் நானே சாப்பிட்டேன். அவர் உள்ளேயிருந்து கை தட்டினார். கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன்.

மாசி 6, புதன்

காற்று. துணிக்கொடி அறுந்து வேட்டி எல்லாம் மண். மறுபடி துவைத்தேன்.

மகனோடு பேசத் தண்ணீர்த் தொட்டிப் பாறை வரை ஏறினேன். அங்கேதான் சிக்னல். அப்பா நல்லா இருக்காரா? இருக்கார். நீ? நானும். ஏதோ மீட்டிங்காம், வைத்துவிட்டான். பாறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போனைக் காதில் வைத்தபடியே. யாராவது பார்த்தால் பேசுகிறாள் என்று நினைக்கட்டும்.

குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. நிற்கும் முன் காதில் விழுந்தது: "இந்த வயசுல இன்னா சண்டையோ, பாவம் அந்தம்மா."

மத்தியானம் கோழியிடம் பேசினேன். பதில் சொன்னது. அவரைவிட மேல்.

எழுதிவிட்டு வெட்கமாக இருக்கிறது. நல்ல மனுஷர். குடி இல்லை, அடி இல்லை, சம்பளம் முழுக்கக் கையில் கொடுத்தார். அலுவலகம் விட்டு வந்ததும் கண்ணை மூடி உட்காருவார். அம்மாடி, எத்தனை வருஷம் அந்த மூடிய கண்ணைப் பார்த்துவிட்டேன். ஞானம் வந்ததும் இவர் என்ன செய்வார்? கண்ணைத் திறப்பாரா? திறந்தால் யாரைப் பார்ப்பார்?

மாசி 7, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் சி.பொ. வாசலில் பெண்களோடு புளி தட்ட உட்கார்ந்தேன். ஒருத்தி கட்டையால் புளியின் மேலோட்டை உடைத்துத் தள்ளுவாள், எதிரில் இருப்பவள் சின்னச் சுத்தியால் பழத்தைப் பிளந்து கொட்டையை எடுப்பாள். இரண்டு பேர் வேலை. எனக்குக் கொட்டை. முதலில் விரலில் அடி. பிறகு கை பழகிவிட்டது.

பனி மெல்ல விலகியது. எதிர்ச் சரிவில் வெயில் விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. சுத்தி விழுகிறது, கொட்டை தெறிக்கிறது, அடிக்கிறவள் மட்டும் இல்லை. தனிமை இல்லை, தனியாக இருக்க அங்கே ஆளே இல்லையே. பயம் இல்லை. எதுவும் வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ இருமினார்கள். திரும்பி வந்துவிட்டேன், கூடவே முழங்கால் வலியும்.

வீட்டுக்கு ஓடினேன், இந்தக் காலால் ஓட முடிந்த அளவுக்கு. இதைச் சொல்ல உலகத்தில் எனக்கு ஒரே ஆள்தான். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னங்க, இன்றைக்கு எனக்கு ஒன்று நடந்தது என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறக்காமல் ஒரு தரம் கை தட்டினார்.

வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

அடுப்பங்கரையில் அழுதேன். புளிக் கையால் கண்ணைத் துடைத்து எரிச்சல் வேறு.

அது என்ன என்று எனக்குத் தெரியாது. பெரிய பெயர் எல்லாம் வைக்க மாட்டேன். ஆனால் வந்த உடனே ஓடிப்போய் ஒருவரிடம் சொல்லத்தானே தோன்றியது? சொல்லத் தோன்றியதாலேயே, தான் தேடுவது இது இல்லை என்பாரோ? அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்க முடியாது.

மாசி 9, சனி

வெயில், காற்றில்லை. காலையில் ஊர் கூடியது. எங்களுக்காக.

கோயில் புளியமரத்தடி. சி.பொ. வந்து கூப்பிட்டபோது விளையாட்டு என்று நினைத்தேன். அங்கே ஊர்ப் பெரியவர், இன்னும் நாலைந்து ஆண்கள், பெண்கள் எல்லாரும். அவரையும் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, நேரான முதுகு. மாட்டேன் என்று சொல்லவும் வாய் இல்லையே, வந்துவிட்டார்.

பெரியவர் அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டார். அம்மா மேல் என்ன குறை? மௌனம். அம்மாவை ஊருக்குப் போகச் சொல்கிறீர்களா? மௌனம். என் வீட்டுக்காரர் மேலே மரத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகத்தான் இங்கே கணக்கு என்று சி.பொ. என் காதில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இது விரதம் என்று எழுந்து சொல்லி, நாலு வார்த்தையில் எல்லாரையும் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனக்கு இன்னா கொறை?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்ல நினைத்தது ஒன்று, வந்தது வேறு.

"என்கூடப் பேச மாட்டேங்கறார். இங்க வந்தப்புறம் இல்லீங்க. ரொம்ப வருஷமா."

சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடு. அவர் மரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண் நன்றாகத் திறந்திருந்தது.

தீர்ப்பு: கோயில் மரத்துப் புளியை நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டிக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. ஒரு அமர்வில் எடுத்து வைத்ததை முடிக்காமல் இருவரில் ஒருவரும் எழுந்திருக்கக்கூடாது. பேச்சு விட்ட ஜோடிக்கு இங்கே வழக்கமாக இதுதானாம்.

மாசி 10, ஞாயிறு

மூட்டம். சாக்கோடு புளியைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். வராமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊரை எதிர்க்க ஒரு சொல்லாவது வேண்டுமே.

அவர் ஓடு, நான் கொட்டை. கட்டையைப் பிடிக்கவே தெரியவில்லை. கட்டையால் விரலிலேயே போட்டுக்கொண்டார். முகம் சுருங்கியது, சத்தம் வரவில்லை. விரதம் கெட்டிதான். சி.பொ. மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தாள், உட்கார்ந்தபடியே போட்டுவிட்டேன்.

அப்புறம் பேச ஆரம்பித்தேன். எழுந்து போக முடியாத புருஷன் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னேன். பனி, சுத்தி, அடிக்கிறவள் இல்லாமல் போனது, ஓடி வந்தது, கைதட்டல், வெந்நீர். எல்லாம். உங்களுக்கு அது கிடைத்தால் என்னிடம் வந்து சொல்வீர்களா என்றும் கேட்டேன். சொல்ல மாட்டீர்கள் என்றால் எனக்கு இங்கே என்ன வேலை, ஒடுகத்தூருக்கு ஜீப் ஏறிவிடுகிறேன் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. கை வேலையை நிறுத்தவும் இல்லை.

அவர் கட்டை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று பார்க்கவில்லை. கண்ணை மூடவில்லை. எனக்குத் தட்டில் பழம் தீர்ந்துபோனதும்தான் மறுபடி தட்டினார்.

மாலையில் கைதட்டல் வரவில்லை. தானே எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். சுவர்ப் பக்கம் சாய்ந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தியானம் இல்லை, தெரியும். முதுகு வளைந்திருந்தது.

ஜீப் நாளைக்குப் பத்து மணிக்கு. பையை எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். புடவை இன்னும் மடிக்கவில்லை.

மாசி 11, திங்கள்

பனி குறைவு. பால் பொங்கவில்லை. புளி இன்னும் அரைச் சாக்கு மிச்சம்.

நான்கு புடவை மடித்தேன். தைலம் புட்டியைக் காணோம். அவர் தலைமாட்டில் இருந்தது, அவர் விரலுக்கு. எடுக்கவில்லை, இருக்கட்டும்.

சி.பொ. கிண்ணம் கொண்டுவந்தாள். பையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். ஜீப் கீழ் வளைவில் ஏறும் சத்தம் கேட்கிறது. வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், பை பக்கத்தில்.

உள்ளேயிருந்து அவர் குரல். துருப்பிடித்த மாதிரி, பாதி காற்று.

"வசந்தா."

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

கேட்டது. நன்றாகவே கேட்டது. திரும்பாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும்.