மிருணாவுக்கு என்ன கூட்டம்?

ஜனவரி 4, ஞாயிறு

எருத்தேன்பதி வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை என் மேலுதட்டில் மீசையின் முதல் முடி உதயமானது.

இன்னொரு சில்லறைச் செய்தி: ருமேனியாவில் ரொட்டி ஆலையில் வேலை செய்கிற லோகேஷ் அண்ணன், அந்த ஊர்ப் பெண் மிருணாவைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 5

"அந்தப் புள்ள என்ன கூட்டம்?" என்கிறாள் அம்மா. கூட்டம் என்பது எங்களில் குலப்பிரிவு; ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கட்ட முடியாது.

"கடல் தாண்டி நமக்கு ஏதும்மா பங்காளி?"

"வாய மூடு. கூட்டமே இல்லாத புள்ளைக்குப் பொறந்த ஊட்டுச் சீர் யாருடா செய்வா? நாளைக்கு இவனோட சண்டை போட்டா எந்த ஊட்டுக்குப் போவா?"

அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவன் "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டான். பாவம்.

ஜனவரி 11

மிருணாவை வீடியோ காலில் பிடித்தேன். சொந்தக்காரர், மூதாதையர் எல்லாருக்கும் சேர்த்து அவர்களிடம் ஒரு சொல் உண்டாம்: ந்யாம். செத்துப்போன தாத்தாவும் அதில் அடக்கம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று பொறுப்பேற்கிற தம்பதியும் அன்றிலிருந்து ந்யாம். ரத்த சம்பந்தம் வேண்டியதில்லை.

இது போதாதா எனக்கு! அம்மாவிடம் ஓடினேன். "ந்யாம் கூட்டம்மா. அங்க பெரிய கூட்டம்."

"குலதெய்வம்?"

"ந்... ந்யாமாத்தா."

நான் மேதை.

ஜனவரி 13

"ந்யாமாத்தாளுக்குக் கெடா வெட்டா, பொங்கலா?"

"ரொட்டிப் படையல்ம்மா."

அம்மா சிரிக்கவே இல்லை. நம்பிவிட்டாள்!

ஜனவரி 18

அப்பாவின் அக்கா கமலாத்தாள் அத்தை வந்தார். மிருணாவைக் கூப்பிடச் சொன்னார். மொழிபெயர்ப்பு அடியேன்.

"சண்டை வந்தா எங்க கண்ணு போவ?"

மிருணா தெரியவில்லை என்றாள்.

"என்ற ஊட்டுக்கு வா. கல்யாணத்துல நானும் என்ற ஊட்டுக்காரரும் உன்ற பக்கத்துல நிக்கறோம். இனி நீ எங்க புள்ள."

அத்தை மகள் என்றால் அண்ணனுக்கு முறைப்பெண்ணே! அம்மா காலண்டரை எடுத்தாள்.

ஜனவரி 19

இரண்டு தெருவுக்கு என் சாமர்த்தியத்தை அளந்துவிட்டு வந்தேன். அம்மா கேட்டாள்: "பக்கத்துல நிக்கோணும்னு அத்தைக்கு யாருடா சொன்னது?"

யார் சொன்னது? நான் சொல்லவில்லையே.

ரொட்டிப் படையல் என்று நான் சொன்ன அன்றைக்கே அம்மா அண்ணனைக் கூப்பிட்டு ந்யாம் என்றால் என்னவென்று கேட்டிருக்கிறாள். மறுநாளே அத்தை வீட்டுக்குப் போய் "நிப்பீங்களா" என்றும் கேட்டிருக்கிறாள். ரொட்டிப் படையலுக்கு அத்தை வீடே சிரித்ததாம்.

ஆக, இந்தக் கல்யாணத்தில் நான் செய்தது போனைப் பிடித்தது மட்டும்தான். அதிலும் அத்தை "எங்க புள்ள" என்றதும் தேம்பித் தேம்பி ஆட்டிவிட்டேன். மிருணாவுக்கு எங்கள் வீட்டுக் கூரைதான் தெரிந்ததாம்.